ஆடிய கால்களும் ஆட்டுவிக்கும் அறிவும்

யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி வீதி வழியே கிழக்கு நோக்கிச் செல்வோர் அரியாலை என்னும் ஊரைக் கடந்தே செல்லவேண்டும். பனையும் தோட்டமும் கடல்நீரேரியின் உவர்க்காற்றும் பொருந்திய அவ்வூரிலே, உதைபந்தாட்டத்தின்மீது ஊரவர்க்குள்ள பற்று நம்மவர் நன்கறிந்தது. உதைபந்தாட்டப் பயிற்சி நிலையம் ஒன்றும் அங்கே உண்டு. அரியாலையின் இளைஞர்களையும், அவர்களைப்போலவே பந்தின் பின்னே ஓடும் குடாநாட்டின் ஏனைய ஊர் இளைஞர்களையும் மனத்திற்கொண்டு, இன்று ஒரு வினாவை எழுப்ப விரும்புகின்றேன். ஆட்டக்காரன் ஒருவனுடைய கால்கள் ஓய்ந்தபின், அவன் கற்ற கல்வி எங்கே போகின்றது?

கலைகள் யாவற்றுள்ளும் உதைபந்தாட்டக்காரனின் கலையே மிகவும் இரங்கத்தக்கது என்று சொல்லத் தோன்றுகின்றது. வீணை வித்துவானுக்கு வயது ஏற ஏற விரலிலே பக்குவம் ஏறுகின்றது. பொற்கொல்லனுக்குக் கண் மங்கினாலும் கை மறப்பதில்லை. ஆசிரியருக்கோ நரை ஓர் அணியாகவே அமைகின்றது. உதைபந்தாட்டக்காரனுடைய நிலை இவற்றுக்கு மாறானது. எந்த வேளையிலே பந்தை வைத்திருக்கவேண்டும், எந்த வேளையிலே விடவேண்டும் என்னும் நுட்பம் அவனுக்கு முப்பது வயதளவிலேதான் முற்றாகப் பிடிபடுகின்றது. அந்த வயதிலேயே முழங்கால் முறையிடத் தொடங்குகின்றது. அறிவு முதிரும்பொழுது கால் தளர்கின்றது. ஐந்தாறு ஆண்டுகளில் அவன் பார்வையாளர் வரிசையில் ஒருவனாகி, வேலியோரத்தில் நின்று, பிறர் விடும் பிழைகளைக் கண்டு பெருமூச்சு விடுகின்றான்.

அந்த அறிவு அவனோடு அழியாமல் நிலைத்திருக்க ஒரு வழியே உண்டு. அவன் பயிற்றுநன் ஆகவேண்டும். ஆனால் ஆட்டக்காரன் பயிற்றுநன் ஆவது, மரத்திலே காய் கனியாவதுபோலத் தானாக நிகழும் மாற்றம் அன்று. சிறந்த ஆட்டக்காரர் பலர் பயிற்றுநராகத் தோற்றிருக்கின்றனர். நடுத்தர ஆட்டக்காரர் சிலர் பெரும் பயிற்றுநராக விளங்கியிருக்கின்றனர். ஆடுவது ஒரு தொழில். ஆட்டுவிப்பது வேறொரு தொழில். இதனை விளக்குவதற்குத் தமிழர் ஒருவருடைய வரலாற்றையும், வடதுருவத்தை அடுத்த பின்லாந்து நாட்டவர் ஒருவருடைய வரலாற்றையும் எடுத்துக்கொள்வேன்.

தமிழர் மலாயாவைச் சேர்ந்தவர். மலாயா என்றவுடன் யாழ்ப்பாணத்தவர்க்கு ஓர் உறவு தோன்றும். நம்முடைய பாட்டன்மார் பலர் கப்பலேறி அங்கே சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கடமை புரிந்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்கள். தமிழகத்திலிருந்து சென்ற மக்களோ இறப்பர்த் தோட்டங்களிலும் நகரங்களிலும் நிலைத்து, அந்நாட்டின் குடிகளாயினர். அவர்களின் வழிவந்தவரே ராஜகோபால் கிருஷ்ணசாமி. மலாயா சுதந்திரம் பெறுவதற்கு முந்திய ஆண்டாகிய 1956இலே பிறந்தார். சிலாங்கூர் மாநில அணிக்கும் மலேசிய நாட்டின் அணிக்கும் ஆடினார்.

அவர் இளைஞராய் இருந்த காலம் மலேசிய உதைபந்தாட்டத்தின் பொற்காலம். 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் விழாவிலே மலேசியா ஆடியது. அமெரிக்க அணியை 3–0 என வென்றது. 1974ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழாவிலே வெண்கலப் பதக்கம் பெற்றது. மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங், கோல் காப்பாளர் ஆறுமுகம் என மலாயரும் சீனரும் சீக்கியரும் தமிழரும் ஓரணியில் நின்ற காலம் அது. அந்தப் புகழின் நிழலிலே வளர்ந்த ராஜகோபால், தம் ஆட்டநாட்கள் முடிந்தபின் பயிற்றுநர் தொழிலை மேற்கொண்டார். பல்லாண்டுகள் பெரும் ஆரவாரமின்றி உழைத்தார். இதனிடையே நாட்டின் உதைபந்தாட்டம் சரிந்துகொண்டே வந்தது. 2007ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணப் போட்டி மலேசிய மண்ணிலும் நடைபெற்றபொழுது, சொந்த மக்கள் பார்த்திருக்க, மலேசிய அணி மூன்று ஆட்டங்களிலே பன்னிரண்டு கோல்களை வாங்கி, ஒன்றையே திருப்பிக் கொடுத்தது.

2009ஆம் ஆண்டிலே நாட்டின் அணி ராஜகோபாலிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பர் மாதம் லாவோஸ் நாட்டுத் தலைநகராகிய வியந்தியானில் தென்கிழக்காசிய விளையாட்டு விழா நிகழ்ந்தது. இருபத்துமூன்று வயதுக்கு உட்பட்டோர் ஆடும் போட்டி அது. 1993 முதல் 2007 வரை எட்டு முறை தொடர்ந்து வாகை சூடிய தாய்லாந்தை மலேசிய இளைஞர் 2–1 என வென்றனர். வியட்நாமிடம் 3–1 எனத் தோற்றனர். பின்னர் இறுதியாட்டத்தில் அதே வியட்நாம் மீண்டும் எதிரே வந்தது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில், வியட்நாம் வீரர் ஒருவரின் காலிற்பட்ட பந்து அவருடைய கோலுக்குள்ளேயே புகுந்தது. 1–0. இருபது ஆண்டுகளின் பின் மலேசியாவுக்கு அந்தத் தங்கப்பதக்கம் கிடைத்தது. எதிரியின் பிழையால் வந்த வெற்றி என்று சொல்லலாம். ஆனால் பிழை விடும் நிலைக்கு எதிரியைத் தள்ளும்வரை எண்பத்தைந்து நிமிடம் பொறுமையாக நின்றதே அந்த அணியின் சாதனை.

ஆயினும் பயிற்றுநர் என்ற முறையில் ராஜகோபாலை உலகம் அளந்தறிய உதவியது, அடுத்த ஆண்டு டிசெம்பர் மாதத்தின் இருபத்தொன்பது நாட்களே. தென்கிழக்காசிய நாடுகளின் கிண்ணத்துக்கான போட்டி 1996இலே தொடங்கியது. மலேசியா ஒருமுறையேனும் அதனை வென்றதில்லை. 2010 டிசெம்பர் 1ஆம் திகதி ஜகார்த்தா நகரிலே, முதலாவது ஆட்டத்திலே, இந்தோனேசியா மலேசியாவை 5–1 என்ற கணக்கிலே புரட்டி எடுத்தது. நேயர்களே, ஐந்து கோல் வாங்கிய அணியின் தங்குவிடுதியை எண்ணிப் பாருங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பாரார். பத்திரிகைகள் பழிக்கும். அடுத்த ஆட்டத்துக்கு மூன்று நாட்களே உள்ளன. அம்மூன்று நாட்களிலே எந்தப் பயிற்றுநரும் ஒரு வீரனுக்குப் புதிய உதை ஒன்றைக் கற்பித்துவிட முடியாது. அவர் செய்யக்கூடியவை இரண்டே: தெரிவு ஒன்று, தேற்றல் ஒன்று.

ராஜகோபால் தெரிவிலே துணிந்தார். கோலைக் காக்கும் பொறுப்பை கைருல் பஹ்மி என்னும் இருபத்தொரு வயது இளைஞரிடம் ஒப்படைத்தார். பின்வரிசை நெருக்கமாயிற்று. தாய்லாந்துடன் 0–0 என்ற சமநிலை. லாவோசுக்கு எதிராக 5–1 என்ற வெற்றி. அரையிறுதியிலே வியட்நாமைக் கோலாலம்பூரில் 2–0 என வென்று, ஹனோய் நகரிலே 0–0 எனத் தடுத்து நிறுத்தினர். இறுதியாட்டத்துக்கு வந்து நின்றது, ஐந்து கோல் அடித்த அதே இந்தோனேசியா.

இறுதியாட்டம் இரு பகுதிகளாக நிகழ்ந்தது. டிசெம்பர் 26ஆம் திகதி கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கிலே முதலாவது பகுதி. பார்வையாளர் சிலர் ஒளிக்கதிர்க் கருவிகளை எதிரணியினரின் முகத்திலே பாய்ச்சியதனால் ஆட்டம் சில நிமிடம் தடைப்பட்டது. ஆட்டத்தை மெய்யாக நேசிப்பவர்கள் வெட்கப்படவேண்டிய செயல் அது. ஆட்டம் மீண்டும் தொடங்கியபின், சாபி சாலி இரண்டு கோல்களும் அஷாரி சம்சுதீன் ஒரு கோலும் போட்டனர். 3–0. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவிலே, கடல்போன்ற சனத்திரளின் முழக்கத்தின் நடுவே, ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் இந்தோனேசியாவுக்குத் தண்டனை உதை ஒன்று கிடைத்தது. அது கோலாகியிருந்தால் மலைச்சரிவுபோல் யாவும் சரிந்திருக்கக்கூடும். பந்து பாய்ந்து வந்தது. கைருல் பஹ்மி அதனைத் தடுத்தார். அன்றைய ஆட்டத்திலே மலேசியா 2–1 எனத் தோற்றது. ஆயினும் கூட்டுத்தொகை 4–2 ஆகியது. கிண்ணம் மலேசியாவுக்கு. அந்த மாதத்தின் கடைசி நாளை நாடு முழுவதற்கும் விடுமுறை நாளாக அரசாங்கம் அறிவித்தது.

அந்தத் தண்டனை உதையைத் தடுத்த கைகள் கைருல் பஹ்மியுடையவை. அவரை அந்த இடத்திலே கொண்டுபோய் நிறுத்திய கண் ராஜகோபாலுடையது. படத்திலே கை தெரியும், கண் தெரியாது. பயிற்றுநர் தொழிலின் தன்மை இதுவே. ஆடுங்காலத்திலே ஊர் அவன் பெயரைச் சொல்லிக் கூவியது. பயிற்றுநன் ஆனபின் பிறருடைய பெயரை ஊர் கூவுவதைக் கேட்டு மகிழ அவன் பழகவேண்டும். தோல்வி வரும்பொழுதோ, ஊர் தேடுவது அவனுடைய பெயரை மட்டுமே.

ராஜகோபாலுக்கும் இது நேர்ந்தது. 2011ஆம் ஆண்டு உலகக்கிண்ணத் தகுதிகாண் ஆட்டங்களிலே சிங்கப்பூரிடம் 5–3 எனத் தோற்று, மறு ஆட்டத்தை 1–1 எனச் சமநிலையில் முடித்து, மலேசியா வெளியேறியது. 2012ஆம் ஆண்டுப் பிராந்தியக் கிண்ணப் போட்டியிலே அரையிறுதியோடு நின்றது. 2013ஆம் ஆண்டின் முடிவோடு அவருடைய பொறுப்பும் முடிவுற்றது. ஒரு காலத்திலே பொதுவிடுமுறை பெற்றுத் தந்தவர், பின்னர் சரவாக் அணிக்கும், அதன்பின் பி.கே.என்.எஸ். கழகத்துக்கும் பயிற்றுநராகச் சென்று, மீண்டும் அதே மைதானம், அதே ஊதுகுழல், அதே காலைப் பயிற்சி என உழைத்தார். புகழ் போனபின்னும் தொழிலை விடாத இந்தப் பண்பைக் கிண்ணத்துக்கு மேலான ஒன்றாக நான் மதிக்கின்றேன்.

இனி வடக்கே செல்வோம். பின்லாந்து பனி சூழ்ந்த நாடு. ஆண்டிலே பல மாதம் புல்லே கண்ணுக்குத் தெரியாது. சனத்தொகை ஐம்பத்தைந்து இலட்சம் அளவானது. அதாவது இலங்கையின் சனத்தொகையிலே ஏறக்குறைய நாலிலொன்று. அங்கே முதலிடம் பனிக்கட்டியின்மேல் ஆடும் ஹொக்கி ஆட்டத்துக்கே. 1930ஆம் ஆண்டுகளிலிருந்து உலகக்கிண்ணத் தகுதிகாண் ஆட்டங்களிலே ஈடுபட்டும், பெரும் போட்டி எதனுள்ளும் அந்நாட்டு ஆண்கள் அணி தலைமுறை தலைமுறையாகக் கால்வைக்க இயலவில்லை.

அந்த நாட்டிலே 1964இலே பிறந்தவர் மார்க்கு கானெர்வா. ஹெல்சிங்கி நகரின் எச்.ஜே.கே. கழகத்திலும் நாட்டின் அணியிலும் பின்வரிசை வீரராக ஆடியவர். கோல் போட்டுப் பெயரெடுக்கும் இடம் அன்று அது. பிறர் போடவரும் கோலைத் தடுக்கும் இடம். நம்மவர் கருத்திலே கொள்ளவேண்டிய இன்னொரு செய்தி, அவர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியராகவும் பணியாற்றியவர் என்பது. சிறுவருக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்த அந்தக் கைப்பழக்கமே பின்னர் மைதானத்திலே அவருக்குத் துணையாயிற்று என்று கொள்ளத் தடையில்லை. இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோர் அணியை அவர் பயிற்றுவித்து, 2009ஆம் ஆண்டு ஐரோப்பியப் போட்டியின் இறுதிச்சுற்றுக்குக் கொண்டுசென்றார். பின்னர் பல்லாண்டுகள் மூத்தோர் அணியின் துணைப் பயிற்றுநராகவே இருந்தார். தலைமைப் பொறுப்பு நிலையாக அவர் கைக்கு வந்தது 2016ஆம் ஆண்டின் இறுதியிலே.

2019 நவம்பர் 15ஆம் திகதி லீக்டென்ஸ்டைன் நாட்டை 3–0 என வென்று, பின்லாந்து வரலாற்றிலே முதன்முறையாக ஐரோப்பியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. நோய்த்தொற்றினால் ஓராண்டு தள்ளிப்போன அந்தப் போட்டி 2021இலே நடந்தது. ஜூன் 12ஆம் திகதி கோப்பன்ஹேகன் நகரிலே டென்மார்க்குக்கு எதிரான முதலாட்டத்தில், டென்மார்க்கின் எரிக்சன் மைதானத்திலேயே மூச்சற்று வீழ்ந்ததும், மருத்துவர் அவருயிரை மீட்டதும் உலகம் அறிந்த செய்தி. ஆட்டம் நின்று மீண்டும் தொடர்ந்தபொழுது பின்லாந்து 1–0 என வென்றது. பெரும் போட்டியில் அந்நாட்டின் முதல் வெற்றி அது. அடுத்த இரு ஆட்டங்களிலே தோற்று அந்த அணி வீடு திரும்பியது. அதனால் என்ன? எண்பதாண்டுக்கு மேலாக மூடிக்கிடந்த கதவை, பின்வரிசையிலே ஆடிய ஓர் ஆசிரியர் திறந்துவிட்டார்.

இவ்விருவருடைய வரலாற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்பொழுது மூன்று உண்மைகள் புலப்படுகின்றன. முதலாவது, காலிலுள்ள அறிவு ஊமை. அதனைச் சொல்லாக மாற்றினாற்றான் அது பிறருக்குச் செல்லும். ‘நான் செய்வதைப் பார்’ என்று மட்டும் சொல்பவன் ஆட்டக்காரன். ‘நீ ஏன் அங்கே நின்றாய், எங்கே நின்றிருக்கவேண்டும்’ என்று சொல்லத் தெரிந்தவன் பயிற்றுநன். இரண்டாவது, இருவரும் இளையோரை முதற்பொருளாகக் கொண்டனர். 2010இலே கிண்ணம் வென்ற மலேசிய அணியிலே, முந்திய ஆண்டு இளையோர் அணியில் ஆடியவர் பலர் இருந்தனர். விதைத்தவரே அறுத்தார். மூன்றாவது, இருவரும் காத்திருந்தனர். ஒருவர் ஐம்பத்து மூன்றாம் வயதிலும், மற்றவர் ஐம்பத்திரண்டாம் வயதிலுமே நாட்டணியின் பொறுப்பை ஏற்றனர். கால்கள் முப்பத்தைந்திலே ஓய்ந்தன என்று கொண்டால், இடையிலுள்ள ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகளும் படிப்பேயாம்.

இவை நமக்கு எதற்காக? அரியாலைக்கும் குடாநாட்டுக்கும் வருகின்றேன். நம்மிடம் ஆட்டக்காரருக்குக் குறைவில்லை. இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரியும் யாழ் புனித பத்திரிசியார் கல்லூரியும் உதைபந்தாட்டத்தாற் பெயர் பெற்றவை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் அகில இலங்கைப் போட்டிகளிலே வாகை சூடி, இந்த ஆட்டம் பெண்களுக்கும் உரியது என நாட்டினர் அனைவருக்கும் காட்டினர். ஆனால் நம்முடைய கல்வித்தொடர் பலமுறை அறுந்திருக்கின்றது. 1995 ஒக்டோபர் இறுதியிலே, ஓரிரவில் ஊரே எழுந்து, இதே கண்டி வீதி வழியே, அரியாலையைக் கடந்து, நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிச் சென்றதை மறந்தவர் யார்? போரினால் மைதானங்கள் வெறுமையாயின. ஆடியவர்கள் கனடாவுக்கும் பிரான்சுக்கும் நோர்வேக்கும் சிதறினர். அண்ணன் தம்பிக்குக் காட்டிக்கொடுக்கும் ஆட்டம், அண்ணன் இல்லாத வீடுகளிலே நின்றுபோயிற்று. போர் ஓய்ந்தது 2009இலே. மைதானங்களிலே மீண்டும் புல் முளைத்தது. அறுந்த கல்வித்தொடரோ புல்லைப்போலத் தானாக முளைப்பதில்லை. அதனைக் கையால் முடிந்துதான் ஆகவேண்டும்.

முடிவதற்கு வழி மிக எளியது. ஒவ்வொரு விளையாட்டுக் கழகமும் முப்பது வயதை எட்டிய தன் வீரருள் ஒருவரை, அவர் ஓய்வுபெறும் முன்னரே, பயிற்றுநராக்கத் தெரிந்தெடுக்கட்டும். அதிக கோல் போட்டவர் யார் என்று பாராமல், சிறுவரோடு பொறுமையாகப் பேசக்கூடியவர் யார் என்று பார்க்கட்டும். ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனம் படிப்படியாகப் பயிற்றுநர் தகுதிச் சான்றிதழ்களை வகுத்திருக்கின்றது. அவற்றுள் அடிப்படியிலுள்ளதைப் பெறுவதற்கு ஆகும் செலவைக் கழகமே ஏற்கட்டும். சுழற்கிண்ணப் போட்டிக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் அமைக்கச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி இதற்குப் போதும். புலம்பெயர்ந்த அன்பர்கள் ஊர்க் கழகத்துக்குக் கிண்ணமும் சீருடையும் அனுப்புகின்றார்கள், நன்று. ஒரு பயிற்றுநரின் ஓராண்டுப் படிப்புக்கு அவர்கள் உதவினால், அதன் பயன் சீருடை கிழிந்தபின்னும் நிற்கும். பின்னர், பத்து வயதுச் சிறுவர் சிறுமியரை அவரிடம் ஒப்படைத்து, ஐந்தாண்டு வரையிலே ‘கிண்ணம் எங்கே’ என்று கேளாதிருப்போமாக.

கேளாதிருத்தலே யாவற்றிலும் கடினமானது. 5–1 எனத் தோற்ற அன்றிரவே ராஜகோபாலை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், இருபத்தெட்டு நாட்களின் பின் மலேசியா கிண்ணத்தைக் கண்டிராது. நமது கழகங்களிலோ ஓர் ஆட்டம் தோற்றால் மறுநாளே கூட்டம் கூடுகின்றது. பயிற்றுநர் ஒருவர் இருந்தால் அவர் மாறுகின்றார், இல்லையேல் செயலாளர் மாறுகின்றார். மாமரம் நட்டவன் நாள்தோறும் அதனைப் பிடுங்கி வேர் விட்டிருக்கின்றதா என்று பார்ப்பதில்லை.

வேலியோரத்திலே நின்று பெருமூச்சு விடும் மூத்த ஆட்டக்காரர்களுக்கு இறுதியாக ஒரு வார்த்தை. ஐயா, உங்கள் கால்கள் தம் கடமையைச் செய்து முடித்துவிட்டன. அவை கற்றதை உங்கள் நாவும் உங்கள் கண்ணும் இன்னும் முப்பதாண்டு வழங்கக்கூடும். வேலியைத் தாண்டி உள்ளே வாருங்கள். பந்து காத்திருக்கின்றது, அதனை எப்படித் தொடுவது என்று அறியாத பிள்ளைகளும் காத்திருக்கின்றார்கள்.